இரவல் போகும் வாட்டர் பெட்

பிரசவத்துக்குப் பிந்தைய காய்ச்சலில் படுத்த படுக்கையாகி, உடம்பெல்லாம் புண்ணாகிப்போன ஒரு பெண்ணுக்காக உருவானது வாட்டர் பெட். 1832-இல் லண்டனில் நீல் ஆர்னாட் என்ற மருத்துவர், தண்ணீர்த் தொட்டியின் மேல் ரப்பர் பூசிய துணியைத் தளர்வாக விரித்து, அதன்மேல் மெத்தை போட்டு அவரைக் கிடத்தினார். காப்புரிமை வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 1855-இல் புத்தகமாக வந்த எலிசபெத் கேஸ்கெல்லின் ‘நார்த் அண்ட் சவுத்’ நாவலில், நோயாளித் தாய்க்காக மகள் பணக்கார வீட்டுக்கு வாட்டர் பெட் இரவல் கேட்டுப் போகிறாள். அன்றே அது இரவல் பொருள்தான்.

தொட்டி போய்விட்டது. இப்போது அது மடித்து எடுத்துப்போகும் ரப்பர் பை. புதுச்சேரியிலோ திண்டிவனத்திலோ சர்ஜிக்கல் கடையில் வாங்கி, மரக்காணம் பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்துவிடலாம். நிரப்புவதுதான் பெரும்பாடு. நல்ல தண்ணீருக்கே குடம் தூக்கும் மரக்காணத்து உப்பளக் கரையில் இதற்கும் குடம் குடமாக வேண்டும். நிரம்பிவிட்டால் ஓர் ஆளால் அசைக்க முடியாது. நிறைய ஊற்றினால் பலகைபோல் விறைக்கும். குறைந்தால் இடுப்பெலும்பு கட்டிலையே தொடும். ஆளைப் படுக்கவைத்தபின், உள்ளங்கை மேலே பார்க்க, பெட்டுக்கு அடியில் இடுப்புக்கு நேராகக் கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் தண்ணீர் போதவில்லை.

மோட்டாரில் காற்று ஏறி இறங்கும் ஏர் பெட்டும் உண்டு. ஆனால் அதற்குக் கரண்ட் வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியதைப் பார்த்த கடற்கரைக்கு, கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் வாட்டர் பெட் செய்யாது: ஆளைப் புரட்டாது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்கி ரத்த ஓட்டம் நின்றால் புண்தான். பிட்டத்து நடு எலும்பு, இடுப்பு, குதிகால் எல்லாம் அதன் இடங்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன், முதுகெலும்பு முறிந்த வீரர்களை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பவைத்தார். முழுக்கத் திருப்ப வேண்டும் என்பதில்லை. முதுகுக்குப் பின்னால் தலையணை முட்டுக்கொடுத்துச் சற்றே ஒருக்களித்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் துணிச்சுருள் வைத்தால் குதிகால் அந்தரத்தில் நிற்கும்.

வாரிய உப்புக்குத்தான் கூலி என்று வாழும் வீட்டில் ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தால் இரண்டு கூலி போகும், பார்த்துக்கொள்பவருடையதும் சேர்த்து. விடிகாலையில் பாத்திக்குப் போய் வெயிலேறித் திரும்புவதற்குள் இரண்டிரண்டு மணி நேரமாக எத்தனை முறை கடந்திருக்கும்! ‘கவனிப்பில்லை’ என்று பார்த்துக்கொள்ளும் மருமகளைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன; ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டுவது வீட்டார் வேலைதான்.

நோயாளி தேறினாலும் போய்ச் சேர்ந்தாலும் பெட் அடுத்த வீட்டுக்குக் கிளம்பும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, உள்பக்கம் ஒட்டாமல் பவுடர் தூவி மடிக்க வேண்டும். வாங்கிப்போகிறவரிடம் இதையும் சொல்லி அனுப்புங்கள்: புண் வருமுன் தோல் சிவக்கும் என்று சொல்வார்கள், வெயிலில் கறுத்த மேனியில் அது கண்ணுக்குத் தெரியாது, புறங்கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சுடும், அல்லது கெட்டிப்பட்டிருக்கும்.