பெயர் புரண்ட சமாதி

செத்த பிறகும் ஒரு மனிதனுடைய பெயர் நிற்கும் என்று சொல்வார்கள். வால்டர் பெஞ்சமின் விஷயத்தில் அவர் பெயரே அவரை ஒளித்துவிட்டது.

பிரனீஸ் மலை கடலில் இறங்கும் எல்லையில், ஸ்பெயினைச் சேர்ந்த போர்ட்பௌ என்ற சிற்றூர் இருக்கிறது. ஊர் மயானம் கடலைப் பார்த்த ஒரு குன்றின்மேல். 1940 செப்டம்பர் கடைசியில் பெஞ்சமின் அங்கே வந்து சேர்ந்தார். பெர்லினில் பிறந்த யூதர், தத்துவ ஞானி, வயது 48. ஹிட்லருக்குத் தப்பி 1933 முதல் அயல்நாட்டில் காலம் தள்ளியவர். புகலிடமாயிருந்த பிரான்ஸும் வீழ்ந்துவிட்டது. அமெரிக்கா செல்ல விசா இருந்தது. பிரான்ஸை விட்டு வெளியேற அனுமதிச் சீட்டுத்தான் இல்லை. ஆகவே, திருட்டு மலைப் பாதை. இருதய நோயாளியான அவர், பத்து நிமிஷம் நடப்பது, ஒரு நிமிஷம் உட்காருவது என்று கணக்காக மலையைக் கடந்தார். கையில் ஒரு கறுப்புத் தோல்பை. அதிலுள்ள கையெழுத்துப் பிரதி தம் உயிரைவிடப் பெரிது என்று வழிகாட்டிய லிஸா ஃபிட்கோவிடம் சொன்னாராம்.

ஸ்பெயின் போலீஸார், பிரான்ஸுக்கே திருப்பி அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். இரவு விடுதி அறையில் அவர் மார்பியா மாத்திரைகளை விழுங்கினார் என்பது கூட வந்தவர்கள் சொன்னது. மூளையில் ரத்தப் பெருக்கு என்பது டாக்டர் எழுதியது. கூட வந்தவர்களைப் போலீஸார் பிறகு போக விட்டுவிட்டார்கள்! ஒரு நாள் பொறுத்திருந்தால் அவரும் தப்பியிருக்கலாம்.

பதிவேட்டில் பெயர் முன்பின்னாகி, 'பெஞ்சமின் வால்டர்' என்று ஏறியது. அதனால் யூதருக்குக் கத்தோலிக்கர் பகுதியில் இடம் கிடைத்தது. கூட வந்த அம்மாள் ஐந்து வருஷத்துக்கு வாடகை கட்டினாள். சில மாதம் கழித்துத் தேடி வந்த சிநேகிதி ஹன்னா அரெண்ட், அந்தப் பெயரையே காணாமல் திரும்பினார். தவணை தீர்ந்ததும் எலும்புகள் பொதுக் குழிக்குப் போயின. பிற்காலத்தில் மயானக் காவலர்கள் மரவேலியிட்ட ஒரு கல்லறையைக் காட்டினார்கள். அது இனாம் காசுக்காகப் புனைந்தது என்று நண்பர் ஷோலெம் எழுதினார். இல்லாத சமாதிக்கும் காவல் கூலி!

1979இல் ஒரு நினைவுப் பலகை வந்தது. பெரிய ஞாபகச் சின்னம் எழுப்ப முயன்றபோது, ஜெர்மனியில் செலவைப் பற்றிச் சச்சரவு கிளம்பியது. மாகாணங்களும் கத்தலோனிய சர்க்காரும் பணம் கொடுத்து, 1994 மே மாதம் அது திறக்கப்பட்டது. இஸ்ரேலியச் சிற்பி டானி காரவான் செய்தது. மயான வாசலுக்கு வெளியே, துருவேறிய இரும்புச் சுவர்களுக்கிடையே படிகள் கடலை நோக்கி இறங்குகின்றன. நடுவில் ஒரு கண்ணாடி வழியை மறிக்கிறது. கீழே அலை சுழல்வது தெரிகிறது. மேலே போக முடியாது. பெயரற்றவர்களைப் பற்றி பெஞ்சமின் எழுதியது அந்தக் கண்ணாடியில் பொறித்திருக்கிறது.

அவருடைய கையெழுத்துப் பிரதி கிடைக்கவேயில்லை. எலும்பும் அங்கே தனியாக இல்லை. ஆனாலும் அதுவே சரியான சமாதி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு காகிதம் குறைந்ததால் எல்லையில் மறிக்கப்பட்டவர் அவர் ஒருவர்தானா? அந்தப் படிகளில் இறங்குகிறவன், கண்ணாடிக்கு முன்னால் நின்று திரும்பும்போது, அவர்கள் நின்ற இடத்தில் ஒரு கணமாவது நிற்கிறான்.