கணினி நீர்க் குளிர்விப்பு

கணினி நீர்க் குளிர்விப்பு என்பது கணினியின் மையச் செயலி, வரைகலை அட்டை ஆகியவற்றில் உண்டாகும் வெப்பத்தை, மூடிய குழாய்ச் சுற்றில் ஓடும் நீரைக் கொண்டு வெளியேற்றும் முறை ஆகும். இது இருவகைப்படும். தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி அடைக்கப்பட்டு விற்பனைக்கு வருவது ஆயத்தச் சுற்று. உறுப்புகளைத் தனித்தனியே தெரிவு செய்து பயனரே பொருத்திக்கொள்வது தனிப்பயன் சுற்று. இது கஸ்டம் லூப் என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறது. கணினி விளையாட்டுகளில் ஆர்வமுடையோர் இரண்டாம் வகையைப் பெரிதும் விரும்புகின்றனர். முதன்முறையாக அத்தகைய கணினியைத் திட்டமிடுவோர் அறிய வேண்டிய அடிப்படைகளையும், தமிழ்நாட்டின் வெப்பம், தூசி, நீர்த்தன்மை ஆகியவை அத்திட்டத்தை மாற்றும் விதத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

நீரால் குளிர்விக்கும் முறை பெருங்கணினிகளில் தொடங்கியது. ஐபிஎம் நிறுவனம் 1980 ஆம் ஆண்டில் அறிவித்த 3081 கணினியில், சில்லுகளின் வெப்பம் உலோக உருளைகள் வழியாக நீரோடும் தட்டுக்குக் கடத்தப்பட்டது. 1985 இல் வெளிவந்த கிரே-2 மீக்கணினியின் மின்சுற்றுகள் மின்கடத்தாத புளோரின் சேர்ம நீர்மத்தில் மூழ்கடிக்கப்பட்டிருந்தன. பின்னர் குறைந்த மின்சாரம் கொள்ளும் சில்லுகள் பரவியதால் இம்முறையின் தேவை சில காலம் குறைந்தது.

வீட்டுக் கணினிகளில் இம்முறை 1990களின் இறுதியில் ஆர்வலர்களால் புகுத்தப்பட்டது. அவர்கள் மகிழுந்தின் வெப்பமூட்டிக்குரிய சிறு ரேடியேட்டர்களையும் மீன் தொட்டிப் பம்புகளையும் பயன்படுத்தினர். ஆப்பிள் நிறுவனம் 2004 இல் வெளியிட்ட பவர் மேக் ஜி5 கணினியின் உயர்நிலை வடிவம் நீர்மத்தால் குளிர்விக்கப்பட்டது. 2009 இல் வந்த கோர்சேர் எச்50 ஆயத்தச் சுற்றுகளைப் பொதுச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் இம்முறைக்குக் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு, திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று தொடங்கி வைக்கப்பட்ட பரம் பொருள் மீக்கணினி ஆகும். தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட இதன் திறன் 838 டெராபிளாப்சு. இது நேரடித் தொடுகை நீர்மக் குளிர்விப்பு முறையில் இயங்குமாறு அமைக்கப்பட்டது. வீட்டுக் கணினியில் பயன்படும் அடிப்படையும் இதுவே: வெப்பம் தோன்றும் இடத்துக்கே நீர்மத்தைக் கொண்டுசென்று, அதைப் பெறுவது.

அறிவியல் அடிப்படை

ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை 1°செ உயர்த்த ஏறத்தாழ 4.18 சூல் ஆற்றல் தேவை. ஒரு கிராம் காற்றுக்கு ஏறத்தாழ 1 சூல் போதும். நீரின் அடர்த்தி மிகுதியாதலால், ஒரே கனவளவை ஒப்பிட்டால் நீர் காற்றைப் போல் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்கிறது. ஆகவே மெல்லிய குழாயில் ஓடும் சிறிதளவு நீரே பெருமளவு வெப்பத்தைச் சுமந்து செல்லும்.

எனினும் நீர் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. சுற்றின் இறுதியில் அவ்வெப்பம் அறைக் காற்றையே சேர்கிறது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன.

முதலாவது, சாதாரணச் சுற்றின் நீர் அறை வெப்பநிலைக்குக் கீழே செல்ல இயலாது. இரண்டாவது, நீர்க் குளிர்விப்பால் அறை குளிராது. 500 வாட் மின்சாரம் கொள்ளும் கணினி, எம்முறையில் குளிர்விக்கப்பட்டாலும், 500 வாட் வெப்பத்தையே அறைக்குள் விடும். ஒரு டன் குளிர்சாதனத்தின் திறன் ஏறத்தாழ 3,500 வாட் என்பதால், அதன் ஏழில் ஒரு பங்கு இக்கணினிக்கே செலவாகும்.

உறுப்புகள்

* வாட்டர் பிளாக்: செயலியின் மேல் பொருந்தும் செப்புக் கட்டை. இதனுள் நுண்ணிய பள்ளங்கள் வழியாக நீர் ஓடும். வரைகலை அட்டைக்குரியது அட்டையின் மின்சுற்றுப் பலகைக்கு ஏற்பத் தனியே வடிவமைக்கப்படுகிறது.
* ரேடியேட்டர்: நீரின் வெப்பத்தைக் காற்றுக்கு மாற்றுவது. 120 மி.மீ. விசிறிகள் இரண்டைக் கொள்வது 240 என்றும், மூன்றைக் கொள்வது 360 என்றும் குறிக்கப்படும்.
* பம்பு: நீரைச் சுற்றில் ஓட்டுவது. டி5, டிடிசி ஆகிய இருவகைகள் பெருவழக்கு.
* நீர்த்தொட்டி: நீர் நிரப்பவும், சுற்றில் அகப்பட்ட காற்றுக் குமிழிகளைப் பிரிக்கவும் உதவுவது.
* குழாய்: வளையும் இரப்பர் அல்லது நெகிழிக் குழாய், வளையாத அக்ரிலிக் அல்லது பெட்ஜி குழாய் என இருவகை.
* இணைப்பிகள்: குழாயை மற்ற உறுப்புகளுடன் கசிவின்றிப் பூட்டுபவை. ஜி¼ எனும் மரையளவு பொதுத்தரமாக உள்ளது.

தேவையை முடிவு செய்தல்

திட்டமிடலின் முதற்படி, தனிப்பயன் சுற்று தேவைதானா எனக் கணிப்பதாகும். 120 வாட் வெப்ப வடிவமைப்பு அளவுடைய ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற செயலிக்கு நல்ல காற்றுக் குளிர்விப்பானே போதுமானது. 253 வாட் வரை செல்லும் கோர் ஐ9-14900கே, 450 வாட் கொள்ளும் ஆர்டிஎக்ஸ் 4090 ஆகியவை சேரும் கணினியில் தனிப்பயன் சுற்றின் பயன் தெளிவாகத் தெரியும்.

தனிப்பயன் சுற்றால் விளையாட்டின் வேகம் பெரிதும் கூடுவதில்லை. குறைந்த இரைச்சல், வரைகலை அட்டையின் குறைந்த வெப்பநிலை, தோற்றப் பொலிவு ஆகியவையே அதன் முதன்மைப் பயன்கள். செலவு வரம்புடையோர், சுற்றுக்கு ஆகும் தொகையை உயர்தர வரைகலை அட்டைக்குச் செலவிட்டால் விளையாட்டில் கூடுதல் பயன் பெறுவர்.

வெப்பக் கணக்கு

சுற்றில் இணையும் உறுப்புகளின் வாட் அளவுகளைக் கூட்டி, அதற்கேற்ப ரேடியேட்டர் பரப்பைத் தெரிவு செய்ய வேண்டும். மிதமான விசிறி வேகத்தில், ஒவ்வொரு 120 மி.மீ. பகுதியும் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை நீக்கும். அந்நிலையில் நீர் அறையைவிட 10°செ அளவு கூடுதல் வெப்பத்துடன் இருக்கும் என்பது ஆர்வலரிடையே வழங்கும் தோராய விதி.

எடுத்துக்காட்டாக, 120 வாட் செயலியும் 320 வாட் ஆர்டிஎக்ஸ் 4080 அட்டையும் சேர்ந்தால் மொத்தம் 440 வாட். இதற்கு ஐந்து பகுதிகள், அதாவது 360 ஒன்றும் 240 ஒன்றும் பொருந்தும்.

உறுப்புகளை எந்த வரிசையில் இணைப்பது என்பது புதியவர்களின் பொதுவான ஐயம். நிமிடத்துக்கு 4 லிட்டர் நீர் ஓடும் சுற்றில் 600 வாட் வெப்பம் சேர்ந்தால், சுற்றின் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் மிகச் சூடான இடத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2°செ மட்டுமே. ஆகவே குழாய் எளிதாகச் செல்லும் வரிசையே சிறந்தது. ஒரே கட்டாய விதி, நீர்த்தொட்டி பம்பின் வாயிலுக்கு நேர்முன்னதாகவும் அதைவிட உயரத்திலும் அமைதல் வேண்டும் என்பதாகும். நீரின்றி ஓடும் பம்பு விரைவில் பழுதடையும்.

கொங்கு வட்டாரச் சூழல்

மேலைநாட்டு வழிகாட்டிகள் பலவும் 20 முதல் 25°செ வரையுள்ள அறையை அடிப்படையாகக் கொண்டவை. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்திலுள்ள கணியூர் போன்ற ஊர்களில் கோடைப் பிற்பகலின் நிலை வேறு. இங்கு திட்டமிடுவோர் மூன்று காரணிகளைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வெப்பம்

மேற்கண்ட 440 வாட் கணினியின் நீர் 24°செ அறையில் 34°செ ஆக இருக்கும். அதே கணினி 38°செ அறையில் ஓடினால் நீர் 48°செ ஐ எட்டும். டி5 வகைப் பம்புகளின் உச்ச வரம்பு பொதுவாக 60°செ ஆகும். பெட்ஜி குழாய் 80°செ அளவில் இளகுமாயினும், இணைப்பியின் அழுத்தத்தில் அதற்கு முன்னரே உருமாறக்கூடும். ஆகவே குளிர்சாதனமற்ற அறையில் தேவைக்கு மேல் ஒரு பகுதியேனும் கூடுதல் ரேடியேட்டர் வைப்பதும், நீரின் வெப்பநிலையைக் காட்டும் உணரி பொருத்துவதும், அக்ரிலிக் அல்லது இரப்பர்க் குழாயைத் தெரிவு செய்வதும் நன்று.

சூடான நீர் பயனற்றது என எண்ணுதல் தவறு. செருமனியின் கார்ச்சிங் நகரில் 2012 இல் தொடங்கப்பட்ட சூப்பர்எம்யூசி மீக்கணினி, 45°செ வரையுள்ள நீரால் குளிர்விக்கப்படுமாறு அமைக்கப்பட்டிருந்தது. செயலியின் வரம்பு 90 முதல் 100°செ வரை இருப்பதால், 48°செ நீரும் அதனிடமிருந்து வெப்பத்தைப் பெறும்.

பஞ்சுத் தூசி

நூற்பாலை, விசைத்தறிக் கூடம், பின்னலாடை நிறுவனம் ஆகியவற்றை அடுத்துள்ள வீடுகளில் பஞ்சுத் துகள் காற்றில் மிதக்கும். இது ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே படலமாகப் படிந்து காற்றோட்டத்தைத் தடுக்கும். அங்குலத்துக்கு 25 அல்லது 30 தகடுகள் கொண்ட நெருக்கமான ரேடியேட்டரைவிட, 10 முதல் 16 தகடுகள் கொண்டது இச்சூழலுக்கு ஏற்றது. காற்று நுழையும் பக்கத்தில் கழற்றிக் கழுவத்தக்க வலை வேண்டும். ஊதுகருவியால் தூய்மை செய்யும்போது விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொள்ள வேண்டும்.

நீர்

கிணற்று நீர், ஆழ்துளைக் கிணற்று நீர், குழாய் நீர் ஆகியவை சுற்றுக்கு உகந்தவை அல்ல. திருப்பூரில் சாயக்கழிவால் நொய்யல் படுகையின் நிலத்தடி நீர் கெட்டதும், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் அறியப்பட்டவை. சாயக்கழிவு கலவாத ஊர்களிலும் நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு உப்புகள், பாத்திரத்தில் உப்புப் படிவது போல, வாட்டர் பிளாக்கின் நுண்பள்ளங்களில் படியும். வீட்டுச் சுத்திகரிப்பானில் வரும் நீரிலும் ஓரளவு உப்பு எஞ்சுகிறது. காய்ச்சி வடித்த நீருடன் அரிப்புத் தடுப்பானும் பாசித் தடுப்பானும் சேர்த்தோ, கணினிக்கென விற்கப்படும் ஆயத்த நீர்மத்தையோ பயன்படுத்த வேண்டும்.

உலோகங்களின் பொருத்தம்

ஒரே சுற்றில் செம்பும் அலுமினியமும் இடம்பெறக் கூடாது. செம்பின் திட்ட மின்முனை அழுத்தம் +0.34 வோல்ட்டு, அலுமினியத்தின் அழுத்தம் -1.66 வோல்ட்டு. நீரில் இவ்விரண்டும் சேர்ந்தால் மின்கலம் போன்ற அமைப்பு உருவாகி அலுமினியம் அரிக்கப்படும். விலை குறைந்த ரேடியேட்டர்கள் சில அலுமினியத்தால் ஆனவை என்பதால், வாங்குமுன் பொருள் விவரத்தைச் சரிபார்த்தல் இன்றியமையாதது. செம்பு, பித்தளை, நிக்கல் பூசிய செம்பு ஆகியவை ஒன்றாகப் பயன்படுத்தத் தக்கவை.

வாங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

* வரைகலை அட்டையின் துல்லியமான மாதிரி எண்ணுக்கு வாட்டர் பிளாக் கிடைக்கிறதா என்பது. ஒரே பெயருடைய சில்லைக் கொண்ட அட்டைகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் பலகை அமைப்பில் வேறுபடும்.
* அட்டையின் மூலக் குளிர்விப்பானைக் கழற்றினால் உத்தரவாதம் நீடிக்குமா என்பது. இதன் விதிகள் நிறுவனந்தோறும் மாறுபடும்.
* விசிறியின் தடிமனையும் சேர்த்து ரேடியேட்டர் கேபினட்டில் அடங்குமா என்பது. பொது விசிறியின் தடிமன் 25 மி.மீ., மெல்லிய ரேடியேட்டரின் தடிமன் 27 முதல் 30 மி.மீ.; ஆகவே 55 மி.மீ. இடமேனும் வேண்டும்.
* குழாயின் உள், வெளி விட்டங்கள் இணைப்பியின் அளவோடு ஒத்துள்ளனவா என்பது.
* சுற்றின் மிகத் தாழ்ந்த இடத்தில் நீரை வெளியேற்றும் அடைப்பிதழ் உள்ளதா என்பது.

முதன்முறை அமைப்போருக்கு வளையும் குழாயே ஏற்றது. வளையாத குழாயைச் சூடேற்றி வளைக்கப் பயிற்சி வேண்டும். அளவு தவறினால் அத்துண்டு வீணாகும்.

கசிவுச் சோதனை

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆயினும் உலோகங்களோடு தொடர்புற்ற நீரில் அயனிகள் சேர்வதால் அது கடத்தும் தன்மை பெறும். சிறு கசிவும் தாய்ப்பலகையையோ வரைகலை அட்டையையோ நிலையாகப் பழுதாக்கலாம் என்பதால், பின்வரும் சோதனையைத் தவிர்த்தல் கூடாது.

1. தாய்ப்பலகை, செயலி, வரைகலை அட்டை ஆகியவற்றுக்குச் செல்லும் மின்வடங்கள் அனைத்தையும் கழற்ற வேண்டும். மின்வழங்கியிலிருந்து பம்புக்கு மட்டும் இணைப்பு இருக்க வேண்டும்.
2. மின்வழங்கியின் 24 முனை இணைப்பியில் அதற்கென விற்கப்படும் தொடக்கச் செருகியைப் பொருத்த வேண்டும்.
3. ஒவ்வோர் இணைப்பின் கீழும் வெள்ளைத் தாள் விரிக்க வேண்டும். சிறு துளியும் தாளில் தெளிவாகத் தெரியும்.
4. தொட்டியை நிரப்பி, பம்பைச் சில நொடிகள் மட்டும் ஓட்டி நிறுத்தி, நீர் இறங்கியதும் மீண்டும் நிரப்ப வேண்டும். சுற்று முழுதும் நிரம்பும் வரை இதைத் தொடர வேண்டும்.
5. பின்னர் 24 மணி நேரம் ஓடவிட்டுத் தாள்களைப் பார்வையிட வேண்டும். மின்தடை ஏற்பட்டால், விடுபட்ட நேரத்தைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.
6. ஈரம் காணப்பட்டால் அவ்விணைப்பைச் சரிசெய்து, முற்றிலும் உலர்ந்த பின்னரே சோதனையைத் தொடங்க வேண்டும்.

தொட்டியை விளிம்பு வரை நிரப்புதல் கூடாது. 25°செ இலிருந்து 50°செ வரை சூடாகும் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிலிட்டர் விரிவடையும். அதற்கு இடமளிக்கும் காற்று வெளி தொட்டியின் மேற்பகுதியில் இருத்தல் வேண்டும்.

பராமரிப்பு

நீரின் மட்டத்தை மாதந்தோறும் பார்வையிடுவதும், நீர்மத்தை ஆண்டுக்கொரு முறையோ தயாரிப்பாளர் குறிப்பிடும் கால அளவிலோ மாற்றுவதும் வழக்கம். ஒளிபுகும் நெகிழிக் குழாய்களிலிருந்து நெகிழ்வூட்டும் வேதிப்பொருள் நாளடைவில் கரைந்து நுண்பள்ளங்களை அடைப்பதுண்டு. ஈபிடிஎம் இரப்பர்க் குழாயில் இக்குறை மிகக் குறைவு. ஓட்ட வேகம் குறைதல், நீரின் வெப்பநிலை மாறாதிருக்கச் செயலியின் வெப்பநிலை மட்டும் உயர்தல் ஆகியவை வாட்டர் பிளாக்கில் அடைப்பு உள்ளதற்கான அறிகுறிகள். நீரின் வெப்பநிலையே உயர்ந்தால் ரேடியேட்டரில் தூசி படிந்துள்ளதா என முதலில் நோக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* மையச் செயலி
* வரைகலை அட்டை
* வெப்பக் கடத்தல்
* மீக்கணினி
* கணியூர்