வாவிக்கரையில் மலையக வழித்தோன்றல்கள்: தொழிலும் உடல்நலமும்

மட்டக்களப்பு வாவியின் கடற்பக்கக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குதல் மரபு. இவ்விரு கரை மக்களிடையே கல்வி, மருத்துவம், தொழில் ஆகியவற்றில் நிலவிய ஏற்றத்தாழ்வு யாவரும் அறிந்ததே. ஆயின், மலையகத்திலிருந்து பெயர்ந்து படுவான்கரையின் மேற்கெல்லையிற் குடியமர்ந்தோரின் பிள்ளைகள் எய்திய நிலை தனியே வைத்து நோக்கத்தக்கதாகும்.

செங்கலடியிலிருந்து கரடியனாறு, புல்லுமலை வழியாகப் பதுளைக்குச் செல்லும் வீதி மலைநாட்டையும் வாவிப் பிரதேசத்தையும் இணைப்பது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களும், 1973–74 காலப்பகுதியின் உணவுத் தட்டுப்பாடும் தோட்டத் தொழிலாளர் பலரை வடக்கு, கிழக்கு மாகாணங்களை நோக்கிப் பெயர்த்தன. எழுபதுகளின் பிற்பகுதியிற் காந்தீயம் இயக்கம் இவ்வாறு வந்தோரின் குடியமர்வுக்குத் துணைநின்றது.

இவர்கள் சுமந்துவந்த முதற் சுமை சட்டத்தால் ஏற்பட்டதாகும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அது நடைமுறைக்கு வந்தபின் பிறக்கும் குழந்தை குடியுரிமை பெறவேண்டுமாயின் தந்தை குடிமகனாயிருத்தல் வேண்டும் என விதித்தது. ஆகவே நாடின்மை தந்தையிடமிருந்து பிள்ளைக்கு முதுசொம்போல் இறங்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் தீர்க்கப்படுமென விடப்பட்டது. பிறந்த மண்ணிலேயே பிறநாட்டவராய் வளர்ந்த பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் எட்டாக்கனியாயிற்று.

நிலத்தின் நிலையும் அதுவே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இலங்கையரென வரையறுக்கப்பட்டோர்க்கே அரச காணியை உரித்தாக்கியது. மட்டக்களப்புச் சமூக வழக்கும் இவர்கட்கு உதவவில்லை. இங்கே குடிவழி தாய்வழியே பேணப்படுவது; வீடும் வயலும் பெரும்பாலும் பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்வன. இக்குடிமுறைக்குப் புறத்தே நின்றோர்க்கு மணவுறவின் வழியாகவும் நிலம் கிட்டுதல் அரிதாயிற்று. எனவே போடிமாரின் வயல்களிற் கூலிவேலை, காடுவெட்டுதல், சேனைப்பயிர், மாடுமேய்த்தல் ஆகியனவே தொழில்களாயின. தோட்டத்தில் நாட்கூலி பெற்றவரின் மகன் வயலில் நாட்கூலி பெற்றான். மாறியது பயிர், மாறாதது கூலிநிலை.

உடல்நலத்திலும் இத்தொடர்ச்சி புலனாகின்றது. 1974இல் தோட்டப்புறச் சிசு மரணவீதம் நாட்டின் சராசரியைக் காட்டிலும் இருமடங்குக்கு மேற்பட்டிருந்தது. அக்காலத்திற் பிறந்து உயிர்தப்பிய பிள்ளைகளே பெற்றோருடன் வறண்ட வலயத்துக்கு வந்தனர். குளிர்ந்த மலைச்சாரலில் வளர்ந்தோர்க்கு மலேரியா புதிது. அந்நோயோ அறுபதுகளின் இறுதியில் மீண்டும் தலைதூக்கியிருந்தது. குறைபாடுகள் பலவாயினும் தோட்டத்தில் மருந்தகமும் பிள்ளைக் காப்பகமும் இருந்தன. காட்டோரக் குடிசையில் அவையும் இல்லை. பெரிய மருத்துவமனையோ தொலைவில், வாவி சூழ்ந்த புளியந்தீவில் இருந்தது. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியும், அதன்பின் வந்த போரும் நலிந்தோரை மேலும் நலிவித்தன.

படுவான்கரையின் பழங்குடிகளும் வறுமையில் உழன்றனரன்றோ எனச் சிலர் வினவக்கூடும். உண்மையே. ஆயினும் அவர்கட்கு இடத்தால் வந்த குறை மட்டுமே இருந்தது. வந்தோரின் பிள்ளைகட்கோ அதனுடன் பத்திரமின்மையும் உறவின்மையும் சேர்ந்தன. உறுதிப்பத்திரம் இல்லாதவன் கடன் பெறான். கடன் இல்லாதவன் கூலியை விட்டு நீங்கான். நாட்கூலியாளன் நோயுற்றநாள் உண்ணான். தொழிலும் நலமும் இவ்வாறு ஒன்றையொன்று பற்றி வீழ்த்தின.

1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடின்மையை நீக்க வழிவகுத்தன. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. இவை போற்றத்தக்கன. ஆயினும் குடியுரிமை ஒரு கையெழுத்தில் வந்துவிடும். இழந்த அரை நூற்றாண்டின் நிலமும் கல்வியும் அவ்வாறு வந்துவிடா. உரிமையை மறுத்த சட்டம் தலைமுறைகளைத் தொடர்ந்ததுபோல, அதன் பரிகாரமும் தலைமுறைகளைத் தொடர்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.