புள்ளியில் பிறந்த வெர்டானா

1990-களின் நடுவில் கணினித் திரையில் நாலு பத்தி படித்தால் கண் எரியும். அப்போது திரையெங்கும் காணப்பட்ட டைம்ஸ் நியூ ரோமன், 1932-இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்காக அச்சேறிய எழுத்துரு. தாளில் எடுப்பாக நின்ற அதன் மெல்லிய கோடுகள் திரையின் முரட்டுப் புள்ளிகளில் சிதைந்தன. இணையப் பக்கங்கள் பெருகத் தொடங்கியிருந்தன. திரைக்கென்றே ஓர் எழுத்துரு வேண்டும் என்று மைக்ரோசாஃப்டில் முனைப்புக் காட்டியவர் வர்ஜினியா ஹௌலெட். வேலை எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டரிடம் வந்தது.

கார்ட்டர் நெதர்லாந்தின் என்ஷெடே அச்சகத்தில் எஃகில் கையால் எழுத்து வெட்டப் பழகியவர். அமெரிக்கத் தொலைபேசி டைரக்டரிக்காக 1978-இல் வந்த பெல் சென்டென்னியல் எழுத்துருவும் அவருடையதே. டைரக்டரியின் மட்டமான தாளில் மை பரவி எழுத்து அடைபடாமலிருக்க, கோடுகள் கூடும் மூலைகளில் முன்கூட்டியே பள்ளம் விட்டிருந்தார். எழுத்து எதன்மேல் விழப்போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வரைவார்.

இந்த முறை அது விழுந்த இடம் திரையின் புள்ளிக் கட்டம். வழக்கமாக வளைகோடுகளை வரைந்துவிட்டு அவற்றைப் புள்ளிகளுக்குள் அடக்கப் பார்ப்பார்கள். கார்ட்டர் புள்ளிகளில் எழுத்தை அமைத்துவிட்டு, அதைச் சுற்றிக் கோடு இழுத்தார். எந்த அளவில் எந்தப் புள்ளி ஒளிர வேண்டும் என்ற நுணுக்க வேலையை டாம் ரிக்னர் செய்தார்.

இப்படி உருவான எழுத்துருதான் வெர்டானா. அதன் முகவெட்டு முழுக்க இந்தப் புள்ளிகளின் கட்டாயத்தில் வந்ததுதான். ஆங்கிலத்தின் பெரிய 'ஐ' எழுத்துக்கு மேலும் கீழும் குறுக்குக் கோடு, எண் ஒன்றுக்கு அடியில் பீடம். சின்ன 'எல்' மட்டும் வெறும் கோடு. மூன்றும் ஒன்றோடொன்று குழம்பாது. 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி 'எம்' ஆகிவிடாதபடி தாராளமான இடைவெளி. தடித்த எழுத்து அவ்வளவு தடிப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு: ஒரு புள்ளிக் கோட்டைத் தடிமனாக்க வேண்டுமென்றால் அடுத்தது இரண்டு புள்ளிதான், ஒன்றரைக்கு வழியில்லை.

1996-இல் வெர்டானா இலவசமாகவே வெளிவந்து, இணையப் பக்கங்களில் வேகமாகப் பரவியது. 2009-இல் ஐகியா நிறுவனம் பழைய ஃபியூச்சுரா எழுத்துருவைக் கைவிட்டு, அச்சுக்கும் இணையத்துக்கும் சேர்த்து இதையே எடுத்துக்கொண்டபோது வடிவமைப்பாளர்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. சின்ன அளவில் கண்ணுக்கு இதமாக இருந்த அதே அகலமும் இடைவெளியும் விளம்பரப் பலகையில் தளர்ந்து தெரிந்தன. அழகைப் பார்த்து எழுத்துரு தேடுகிறவர்கள், அது எந்த இடத்துக்காகப் பிறந்தது என்பதை முதலில் விசாரிப்பது நல்லது.