ஒண்ணுமே இல்லாத இடத்தில் துகள் பிறக்குமா? கருந்துளையின் மின்னூட்டத்தையே கரைக்கும் வெற்றிடம்!

ஓர் இடத்திலிருந்து காற்று, தூசி, ஒளி என எல்லாத்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? ஒண்ணுமில்லை என்போம். ஆனால், குவாண்டம் இயற்பியல் இதை ஏற்பதில்லை. மின்புலம் போதிய அளவு வலுவாக இருந்தால், வெறும் வெற்றிடத்திலிருந்தே எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் ஜோடியாகப் பிறக்கும் என்கிறது அது.

ஷ்விங்கர் விளைவு என்றால் என்ன?

1951-ல் இதை விரிவாகக் கணக்கிட்டவர் அமெரிக்க இயற்பியலாளர் ஜூலியன் ஷ்விங்கர். அதனால் இது 'ஷ்விங்கர் விளைவு' எனப்படுகிறது. இதில் எதுவும் இலவசமா வரல. துகள்கள் உருவாகத் தேவையான ஆற்றலை மின்புலம்தான் தருகிறது. அந்த அளவுக்குப் புலம் வலுவிழக்கும்.

எவ்வளவு மின்புலம் வேண்டும்?

காற்றில் தீப்பொறி பறக்க மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் போதும். ஷ்விங்கர் விளைவு தாராளமாக நடக்க, அதைப்போல சுமார் 40 ஆயிரம் கோடி மடங்கு வேண்டும். அதாவது 13-க்குப் பின்னால் 17 சைபர்!

கருந்துளைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நேர்மின்னூட்டம் கொண்ட சிறிய கருந்துளை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் அருகே பிறக்கும் ஜோடியில் எலெக்ட்ரான் உள்ளே இழுக்கப்படும், பாசிட்ரான் வெளியே தள்ளப்படும். விழும் ஒவ்வொரு எலெக்ட்ரானும் மின்னூட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும். இப்படிக் கருந்துளை தன் மின்னூட்டத்தை இழப்பதை 1975-ல் பிரிட்டன் இயற்பியலாளர் கேரி கிப்பன்ஸ் ஆராய்ந்தார். ராட்சதக் கருந்துளைகளில் விளிம்பருகே புலம் பலவீனம் என்பதால், அங்கே இது நடப்பது மிக அரிது.

இதில் சிக்கல் எங்கே?

கருந்துளை அருகே காலவெளியே வளைந்திருக்கும். அந்த வளைவும் துகள்களை உருவாக்கும் என 1974-ல் ஸ்டீபன் ஹாக்கிங் காட்டினார். மின்னூட்டமுள்ள கருந்துளையில் மின்புலம், வளைவு இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். எனவே இரண்டையும் ஒரே கணக்கில் கொண்டுவர வேண்டும்.

யாராவது நேரில் பார்த்தாங்களா?

வெற்றிடத்தில் இன்னும் இல்லை. அதிசக்தி லேசர்களும் அந்த அளவைத் தொடவில்லை. 2022-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு, கிராஃபீன் என்ற கார்பன் படலத்தில் இதற்கு இணையான நிகழ்வைக் கண்டது. ஆனால், அது நிஜ வெற்றிடம் அல்ல.

ஏன் இது முக்கியம்?

குவாண்டம் இயற்பியலும் ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடும் இன்னும் முழுமையாக ஒன்றுசேரவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துச் சோதிக்கக் கிடைத்திருக்கும் சில கணக்குகளில் இதுவும் ஒன்று.