சிற்றூர் தந்த சாசனம்

பாஸ்டில் சிறை தகர்ந்த 1789 நமக்குத் தெரியும். வெர்சேல்ஸ் மாளிகையின் பளிங்கும் பகட்டும் தெரியும். எத்ரெப்பினி தெரியுமா? பிரான்சின் வடகிழக்கே, ஆர்டென் வட்டாரத்திலே, வயலும் வனமும் சூழ்ந்த சிற்றூர் அது. மன்னர் எவரும் அங்கே முடி சூடியதில்லை. ஆயினும், முடியையும் குருபீடத்தையும் ஒருங்கே சாடிய ஏடு அங்கேதான் எழுதப்பட்டது.

எழுதியவர் அவ்வூர் மாதாகோயில் பாதிரியார், ஜீன் மெஸ்லியர்! 1664-இல் மசெர்னி என்னும் ஊரில் பிறந்தவர். 1689-இல் எத்ரெப்பினிக்கு வந்து, 1729-இல் கண்மூடும் வரை நாற்பது ஆண்டுகள் அங்கேயே பணி புரிந்தவர்.

அந்நாளைய உழவனின் நிலை என்ன? வரி மன்னனுக்கு, விளைச்சலில் பங்கு கோயிலுக்கு, குத்தகையும் ஊழியமும் சீமானுக்கு, எஞ்சிய பசி அவனுக்கு! பதினான்காம் லூயி நடத்திய போர்களின் செலவு அவன் முதுகில் ஏறிற்று. 1709-இன் கொடும் பனியில் பயிர் கருகிப் பஞ்சம் படர்ந்தபோதும் அவன் சுமை இறங்கவில்லை.

1716-இல் அவ்வூர்ச் சீமான் தூலி, குடியானவர்களைக் கொடுமைப்படுத்தினான். ஞாயிறு வழிபாட்டிலே அவனுக்காக வேண்டுதல் செய்ய மெஸ்லியர் மறுத்தார். வழக்கு ரீம்ஸ் நகரப் பேராயரிடம் சென்றது. பேராயர் யார் பக்கம் நின்றார்? சீமான் பக்கம்! கண்டிக்கப்பட்டவர் பாதிரியார்.

அதன்பின் அவர் வாய் அடங்கிற்று, எழுதுகோல் எழுந்தது. மதங்கள் மனிதர் புனைந்தவை, கடவுள் இல்லை, மண்ணின் பயனை மக்கள் பொதுவில் துய்க்க வேண்டும் என்று தம் ஊராருக்கு மரண சாசனம் எழுதி, மூன்று கைப்படிகளை விட்டுச் சென்றார்.

உயிரோடிருந்தபோது உரைக்காதது கோழைத்தனமன்றோ எனக் கேட்போர் உண்டு. அவர் மறைந்து 37 ஆண்டுகள் கழிந்த பின்னும், 1766-இல், லா பார் என்னும் இளைஞனைச் சமய நிந்தனைக் குற்றம் சாட்டித் தலை வெட்டி எரித்த நாடு அது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். வாழுங்காலத்தில் சொல்வது ஆபத்து என்று மெஸ்லியரே எழுதி வைத்தார். அந்த அச்சத்தின் பழி, அஞ்சியவரைவிட அச்சுறுத்தியவரையே சாரும்.

இன்னொரு கேள்வியே நம்மை உறுத்துகிறது. 1762-இல் சாசனத்தின் சுருக்கத்தை வெளியிட்டவர் அறிவுலகச் சிங்கம் வால்டேர். வேதப் புரட்டைச் சாடும் பகுதிகளை வைத்தார்; கடவுள் மறுப்பை நீக்கினார்; பொதுவுடைமையையும் நீக்கினார்! முழு நூல் அச்சேற 1864 வரை, ஆம்ஸ்டர்டாம் நகர் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாதிரியின் புரட்டைக் கண்டிக்கப் படித்தவர் கூட்டம் முன்வந்தது. உழவனின் பங்கைக் கேட்டதும் அதன் கை நடுங்கிற்று. மூடநம்பிக்கையை மட்டும் அகற்றிவிட்டு, அது காத்து நின்ற சுரண்டலை விட்டு வைப்பது அரைச் சீர்திருத்தம். எத்ரெப்பினிப் பாதிரியார் இரண்டையும் ஒரே கட்டாகக் கண்டார். உழவரின் குடிசைகளுக்கு நடுவே நாற்பதாண்டு வாழ்ந்தவருக்கு அந்தக் கட்டு தெரியாமற் போகுமா?