வாள் நீங்கிய நிலத்தில் கத்தி: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லைப்புற ஊர்களின் கத்திப்போர் மரபு

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இன்று கேரளத்தின் தென்கோடியில் அமைந்துள்ளன. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைக்கப்பட்டன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்று தொட்டுக் களியக்காவிளைக்கு இப்பால் ஒரு பண்பாடு, அப்பால் மற்றொரு பண்பாடு எனப் பிரித்தெழுதும் வழக்கம் வேரூன்றியது. இப்பிரிவால் பெரிதும் சிதைந்த துறைகளுள் ஒன்று போர்க்கலை. எல்லைக்குத் தெற்கே 'அடிமுறை' எனப்படும் கலை வடக்கே 'தெக்கன் களரி' எனப்படுகிறது. பயிற்றுபவரை இருபுறத்தாரும் 'ஆசான்' என்றே அழைக்கின்றனர்; வடமலபாரில் வழங்கும் 'குருக்கள்' என்னும் சொல் இங்கே வழக்கில் இல்லை. கலையின் முதல்வராக அகத்தியரையே போற்றுகின்றனர். பரசுராமரைக் கூறும் வடக்கத்திய மரபு இவ்வூர்களில் அவ்வளவாகச் செல்வாக்குப் பெறவில்லை.

இரு மாநில எழுத்தாளர்களும் ஒரு கருத்தில் மட்டும் உடன்படுகின்றனர். இக்கலை வாளேந்திய வீரர்களின் நேர்வழி மரபு என்பதும் அதன் வேர் காந்தளூர்ச்சாலையில் உள்ளது என்பதும் அக்கருத்தாகும். இக்கருத்து மறு ஆய்வுக்கு உரியது. இவ்வூர்களில் எஞ்சி நிற்பது வாட்போர் என்பதைவிடக் கத்திப்போர் என்பதே பொருந்தும். அதிலும் கத்தியைப் பிடித்தவனைக் காட்டிலும் கத்திக்கு எதிரே நிற்பவனை முதன்மையாகக் கொண்ட கலை அது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

சொற்கள் தரும் சான்று

முதலில் சொற்களைக் காணலாம். 'சுரிகை' என்னும் வடசொல் தமிழில் 'சூரி', 'சூரிக்கத்தி' எனக் குறுகிக் குத்துவதற்குரிய சிறு கத்தியைக் குறித்தது. அதே சொல் மலையாள வடக்கன் பாட்டுகளில் அங்கத்துக்குரிய வாளைக் குறிக்கிறது. ஆரோமல் சேகவரின் சுரிகையில் இரும்பாணிக்குப் பதிலாக மரவாணி வைத்து வஞ்சித்த கதை அனைவரும் அறிந்ததே. 'பிச்சுவா' என்பது தேளைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லிலிருந்து வந்தது. மலையாளத்திலும் குமரி வழக்கிலும் உள்ள 'பிச்சாத்தி' கறிகாய் அரியும் கத்தியையும் இடுப்பில் செருகும் கத்தியையும் ஒருங்கே சுட்டும். 'வெட்டுகத்தி' விறகு வெட்டவும் தேங்காய் பிளக்கவும் பயன்படுவது. பிற தமிழ் மாவட்டங்கள் இதனை அரிவாள் என்னும். அலகு பிடிக்குள் மடங்கும் சிறு கருவி 'மடக்குக்கத்தி', 'பேனாக்கத்தி' என்னும் பெயர்களைப் பெற்றது. இப்பகுதியின் பேச்சுவழக்கில் கத்திக்குரிய பெயர்களுள் பெரும்பாலானவை வேலைக்கருவிகளின் பெயர்களாகவே இருப்பது கருதத்தக்கது. வாளுக்கோ அரண்மனை சார்ந்த பெயர்களே உள்ளன.

சாலையும் படைக்கலமும்

பாறசாலைக்குத் தெற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து முன்சிறைக்கு அருகில் பார்த்திவசேகரபுரம் உள்ளது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் அங்கே ஒரு சாலையை நிறுவியதைச் செப்பேடு கூறுகிறது. முன்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றிப் பெற்று விண்ணகரம் எடுத்து, 95 சட்டர்கள் தங்கிப் பயில வழிவகுத்தான் அம்மன்னன். அச்சாலையின் ஒழுங்குகள் காந்தளூரின் வழக்கைப் பின்பற்றியவை. ஆகவே காந்தளூர்ச்சாலை குறித்த விவாதங்களில் இச்செப்பேடு தவறாது எடுத்தாளப்படுகிறது.

'காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளி' என்னும் முதலாம் இராசராசனது மெய்க்கீர்த்தித் தொடரில் வரும் 'கலம்' என்பது மரக்கலமா, உண்கலமா, வழக்கா என்ற வினா நூறாண்டாகத் தொடர்கிறது. சாலையைப் படைப்பயிற்சிக் கல்லூரி எனக் கொள்வோர் சட்டர்களிடம் ஆயுதம் இருந்தமையைச் சான்றாகக் காட்டுவர். அவர்களிடம் ஆயுதம் இருந்தது என்பது மெய்யே. ஆனால் செப்பேடு அதை எவ்வாறு பேசுகிறது என்பதையும் நோக்க வேண்டும். தம்முள் பூசலிட்டோருக்கும் படைக்கலத்தால் தாக்கியோருக்கும் தண்டம் விதிக்கிறது. ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வருவதைத் தடுக்கிறது. சாலையில் சேர்வோர்க்கு வேண்டிய தகுதியாகக் கூறப்படுவன இலக்கணமும் புரோகிதமும் மூன்று அரசுகளின் நடைமுறை அறிவுமே. வாட்பயிற்சி அவற்றுள் இடம்பெறவில்லை. எல்லைப்புற நாட்டின் ஆயுத வரலாற்றில் நமக்குக் கிடைக்கும் தொன்மையான தமிழ் ஆவணங்களுள் ஒன்று, ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டு வா என்று ஆணையிடுகிறது. இதனைப் போர்க்கல்லூரியின் பட்டயமாகப் படிப்பது ஆர்வத்தின் விளைவேயன்றிச் சான்றின் விளைவன்று.

வாள் விலகிய வரலாறு

வாள் இந்நாட்டில் இல்லாமலில்லை. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரின் படையோடு வேணாட்டுப் படை கணியாகுளத்தில் பொருததையும் அதில் இரவிக்குட்டிப் பிள்ளை வீழ்ந்ததையும் பாடும் கதைப்பாடல் தமிழும் மலையாளமும் விரவிய மொழியில் அமைந்தது. வில்லுப்பாட்டாக எல்லையின் இருபுறத்தும் பாடப்பட்டு வந்தது. தீக்கனாக் கண்ட வீட்டுப் பெண்டிர் அவனைப் போக வேண்டாம் எனத் தடுப்பதும், வெட்டுண்ட தலையைப் பகைவர் பாசறையிலிருந்து மீட்டு வருவதும் அப்பாடலின் உருக்கமான இடங்கள். அங்கே வாள் உயர்குடிப் படைத்தலைவனின் அடையாளம். மார்த்தாண்டவர்மர் பகைவருக்கு அஞ்சி ஒளிந்ததாகக் கூறப்படும் பலாமரத்தின் எச்சம் நெய்யாற்றின்கரையில் காக்கப்படுகிறது. சி. வி. இராமன் பிள்ளை அம்மன்னரை வைத்து 1891இல் எழுதிய புதினத்திலும் வாளேந்துவோர் அரசியல் சூழ்ச்சிகளுக்குள் இயங்குபவர்களே.

1741இல் குளச்சலில் ஒல்லாந்தர் தோற்றனர். அப்போரில் பிடிபட்ட டிலனாய் பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார். அந்நாளிலிருந்தே போர்க்களத்தில் வாளின் பயன் சுருங்கத் தொடங்கிவிட்டது. 1809இல் வேலுத்தம்பித் தளவாயின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் திருவிதாங்கூர்ப் படை பெரிதும் கலைக்கப்பட்டது. எஞ்சிய சிறுபகுதியே மீண்டும் சீரமைக்கப்பெற்று 1830 முதல் நாயர் பிரிகேடு எனப்பட்டது. வாள் அரசு தருவது. அரசே திரும்பப் பெற்றுக்கொள்ளவும் கூடியது. பத்மநாபபுரம் அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள வாள்களைக் காண்போர் இதனை எளிதில் உணர்வர்.

வடக்கே மலபாரில் நிகழ்ந்தது வேறு. மாப்பிள்ளைமாரின் போர்க்கத்தியை வைத்திருப்பதையே குற்றமாக்கி ஆங்கில அரசு 1854இல் தனிச் சட்டம் இயற்றியது. மாவட்ட ஆட்சியர் கானலி அவற்றை ஆயிரக்கணக்கில் பறித்துச் சேர்த்தார். 1855இல் அவர் கொல்லப்பட்டார். அச்சட்டம் மலபாருக்கு உரியது; திருவிதாங்கூர் அதன் எல்லைக்குள் வரவில்லை. தெற்கே மக்கள் கையில் இருந்த கத்தியை வேலையிலிருந்து பிரித்துப் பறிப்பதும் எளிதன்று. பனையேறும் தொழிலாளி பாளையைச் சீவும் அரிவாளை அரிவாள் பெட்டியில் இட்டு இடுப்பின் பின்புறம் கட்டிக்கொண்டுதான் மரமேறினான். நாளுக்கு இருமுறை சீவ வேண்டிய பாளைக்கு மயிரிழை பிசகாத கூர்மை தேவை. கி.பி. 849இன் தரிசாப்பள்ளிச் செப்பேடு மரமேறுவோரின் ஏணிக்கும் தளைக்கும் இருந்த இறைகளைப் பேசுகிறது. ஏணியையும் தளையையும் எண்ணி இறை கொண்ட அரசுக்கும் அந்த அரிவாளை விட்டால் கள்ளும் கருப்பட்டியும் இல்லை என்பது தெரியும். வாளேந்தும் உரிமையும் தோளை மறைக்கும் உரிமையும் மறுக்கப்பட்ட மக்களிடம் கூரிய அலகு நாள்தோறும் இருந்தது என்பதைத் தோள்சீலைக் கலகக் காலமான 1822–1859 ஆண்டுகளைப் படிக்கும்போது மறக்கலாகாது.

எசுப்பானிய நிகர்

இதனை நன்கு விளக்கவல்ல நிகர் எசுப்பானியத்தில் உள்ளது. அந்நாட்டின் மரபுவழி மடக்குக்கத்தி 'நவாகா' எனப்படும். அல்பசேத்தே நகரத்துக் கொல்லர்கள் இதனால் புகழ்பெற்றனர். வாள் உயர்குடியினர்க்கு உரியதாயிருக்க, மடக்கினால் உழவனின் கருவியும் விரித்தால் போர்க்கருவியுமான இக்கத்தி எளிய மக்களிடம் பரவியது. 18ஆம் நூற்றாண்டின் போர்போன் மன்னர்கள் பலமுறை தடையாணை பிறப்பித்தும் அது மறையவில்லை. பிடியின் பற்சக்கரத்தில் அலகு 'கரகர' என்று ஏறும் ஓசையே எதிரியை எச்சரிக்கப் போதுமானதாயிற்று. 1849இல் மாத்ரித்தில் 'மனுவல் தெல் பராத்தெரோ' என்னும் கையேடு ஆசிரியர் பெயரின்றி வெளிவந்து, நவாகாவால் பொருதும் முறையை நிலைகளோடும் படங்களோடும் விளக்கியது. வலக்கையில் கத்தி, இடக்கையில் சுற்றிய மேலாடையே கேடயம்.

இந்தக் கடைசிச் செய்தி தென்திருவிதாங்கூர்க் கலையை அறிந்தோர்க்குப் புதிதன்று. தோளில் கிடக்கும் துவர்த்தைக் கொண்டு கத்தியேந்திய கையை வளைத்துச் சுற்றிப் பிடுங்கும் பயிற்சி கேரளத்துக் களரிகளில் இன்றும் உண்டு. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு காட்ட முனைவது வீண். வாளும் கேடயமும் மறுக்கப்பட்டவனிடம் இருப்பவை வேலைக்கத்தியும் உடுத்த துணியுமே. எங்கும் அவை கொண்டே அவன் போர்முறையை அமைத்துக்கொள்கிறான். வேறுபாடு ஒன்றுண்டு. எசுப்பானியக் கையேடு கத்தியைப் பிடித்தவனுக்காக எழுதப்பட்டது. இங்குள்ள நூல்கள் கத்தி பட்டவனுக்காக எழுதப்பட்டவை.

வெறுங்கையும் வர்மமும்

வடக்கன் களரியில் மெய்த்தாரி, கோல்தாரி, அங்கத்தாரி எனப் பயின்று இறுதியில்தான் வெறுங்கையை அடைவர். தெற்கே முறை தலைகீழாக உள்ளது. ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு என வெறுங்கையிலேயே பயிற்சி தொடங்கும். நிலத்தைத் தோண்டிக் கூரை வேய்ந்த களரிக்குழி இங்கே இன்றியமையாததன்று; தென்னந்தோப்பின் வெட்டவெளியே போதும். பிடி, பூட்டு, அவற்றினின்று விடுபடுதல் ஆகியவை அடிப்படைப் பாடங்கள். நெடுவடி, குறுவடி, கத்தி ஆகியன பின்னர் வரும். அதாவது மாணவன் கத்தியைக் கையில் வாங்கும் முன்பே எதிரியின் கையைப் பூட்டக் கற்றுவிடுகிறான். பிலிப் சரில்லி 1998இல் வெளியிட்ட களரிப்பயிற்று பற்றிய நூலில் தென்முறையின் இத்தனித்தன்மையை எடுத்துக்காட்டியுள்ளார். எனினும் அதன் சமூகக் காரணம் இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

வர்ம நூல்கள் இதற்குத் துணைநிற்கின்றன. சுசுருதர் 107 மருமங்களைக் கூறினார். அறுவை செய்வோன் எங்கே வெட்டலாகாது என்பதே அவரது கவலை. தமிழ் வர்ம நூல்கள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 கூறுகின்றன. அடிபட்டால் தோன்றும் குறி, உயிர் தங்கும் நாழிகை, இளக்குமுறை, எண்ணெய், கட்டு என அவை விரிகின்றன. 'வர்ம பீரங்கி', 'வர்ம ஒடிவுமுறிவு சாரி சூத்திரம்' போன்ற நூல்களின் பெயர்களே இவ்விரு முகங்களையும் காட்டும். கொல்லும் இடத்தையும் மீட்கும் வழியையும் அறிந்த ஆசானே ஊரின் எலும்பு முறிவு வைத்தியராகவும் இருந்தார். மரத்திலிருந்து வீழ்ந்தவனும் கைகலப்பில் காயம்பட்டவனும் அவரிடமே கொண்டுவரப்பட்டனர். பனையேறிகள் மிகுந்த நாட்டில் முன்னவரே மிகுதியாக இருந்திருப்பர் எனக் கருதலாம்.

இக்காலப் பெயரிடுதல் இந்த முழுமையைக் கூறுபோடுகிறது. தேசிய இளையோர் விளையாட்டுகளில் களரிப்பயிற்று கேரளத்தின் பெயராலும், 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த போட்டிகளில் சிலம்பம் தமிழகத்தின் பெயராலும் இடம்பெற்றன. 2020இல் வந்த ஒரு திரைப்படம் அடிமுறையைத் தமிழ் வீரத்தின் தொல்சின்னமாகக் காட்டியது. இவற்றால் கலைக்குக் கிடைத்த கவனம் நன்றே. ஆயினும் வைத்தியமும் வேலைக்கத்தியும் துவர்த்தும் மேடைக்கு ஏறவில்லை. சட்டம் இதில் ஆய்வாளரைவிட நுணுக்கமாக நடந்துகொண்டது எனலாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த 1962ஆம் ஆண்டு விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை ஆயுதம் என்றன. ஆனால் வீட்டுக்கும் உழவுக்கும் ஆனவற்றை விலக்கின. அவ்விலக்கினுள்தான் வெட்டுகத்தி இன்றும் இருந்து வருகிறது.

வர்ம நூல்களின் மொழி தமிழ். நெய்யாற்றின்கரை வட்டாரத்து ஆசான்மாரிடத்தும் தமிழ் நூல்களே பாடமாயின. மலையாள எழுத்தில் தமிழ்ப் பாடல்களைப் பெயர்த்தெழுதும் வழக்கும் இருந்தது. தமிழகச் சுவடி அட்டவணைகள் மலையாள எழுத்துப் படிகளை விட்டுவிடுவதும், கேரள அட்டவணைகள் அவற்றை மருத்துவம் என்று மட்டும் வகைப்படுத்துவதும் மாறினால், வெட்டுக்காயத்துக்கும் குத்துக்காயத்துக்கும் உரிய பகுதிகளை இருதரப்புப் படிகளிலும் ஒப்பிட இயலும். எந்த அலகால் ஏற்பட்ட காயத்துக்கு எந்தக் கட்டு விதிக்கப்பட்டது என்பதைக் கொண்டே இவ்வூர்களில் வழங்கிய கத்திகளின் பட்டியலை நம்பத்தக்க முறையில் தொகுக்க முடியும்.